நான் கழுவ மறந்த கல்வெட்டு

சம்பளம் இல்லாத உத்தியோகத்தில் கர்வம் இரண்டு பங்கு. அதை நான் இருபது வயதிலேயே அனுபவித்துவிட்டேன். டில்லி தர்பார் நடந்ததற்கு அடுத்த வருஷம், திருநெல்வேலியில் வக்கீல் அண்ணாச்சி ஒருவர் பழஞ்சின்னங்களைக் காப்பதற்கு ஒரு சபை தொடங்கினார். அதற்கு எழுத்து வேலை பார்க்க நானே போய் நின்றேன். (யாரும் கூப்பிடவில்லை.)

முதல் வேலையே பெரிய வேலை. தாமிரபரணிப் படித்துறை ஒன்றின் மேலே ஆள் உயரக் கல்வெட்டு நின்றது. சாலை போடும் குத்தகைக்காரர் அதை உடைத்து ஜல்லியாக்க அனுமதி கேட்டிருந்தார். பார்வையிட வரும் துரையிடம் அதன் பழமையை நான் எழுதிக் காட்ட வேண்டும். காட்டாவிட்டால் கல் சம்மட்டிக்குப் போய்விடும்.

எழுத்து தேய்ந்திருந்தது. சுண்ணாம்பு தடவிப் படிப்பதுதான் வழக்கம். நான் புத்திசாலி அல்லவா? வீட்டிலிருந்து மஞ்சள் பொடி கொண்டுபோய்க் குழைத்துப் பூசினேன். எழுத்து பளிச்சென்று தெரிந்தது. வரி தவறாமல் இருக்க ஒவ்வொரு வரியின் தலையிலும் ஒரு குங்குமப் பொட்டு வைத்தேன். படித்தது நான்கே வரி. அதற்குள் பாண்டியர், கொற்கை, முத்து என்று வாக்கியங்கள் முட்டிக்கொண்டு வரவே, வீட்டுக்கு ஓடிப் பதினெட்டுப் பக்கம் எழுதித் தள்ளினேன். கல்லைக் கழுவ மறந்துபோனேன்.

பத்து நாள் கழித்து, துரை, அண்ணாச்சி, குத்தகைக்காரர், நான் எல்லோருமாகப் போனால், படித்துறையில் குலவைச் சத்தம்! கல்லுக்குச் சிவப்புச் சேலை, வேப்பிலை, எண்ணெய் முழுக்கு. எதிரே மூன்று பானைகளில் பொங்கல்.

"என்னவே இது?" என்றார் அண்ணாச்சி.

சேலையை விலக்கக் கை நீட்டினேன். அகப்பையும் கையுமாக ஓர் அம்மாள் வந்து மறித்தாள்.

"ஏலே, செருப்பைக் கழத்துலே! அம்மன் தானா மஞ்சப் பூசிக்கிட்டு வந்திருக்கா, தெரியாதா?"

"யம்மா, பூசுனது நாந்தான்!"

"நீயா பூசுன? அவ உன் கைய வச்சுப் பூசிக்கிட்டா. தள்ளி நில்லுலே!"

எத்தனை காலமாக இங்கே வழிபாடு என்று துரை கேட்டார். "காலங்காலமாக" என்றார் அண்ணாச்சி, கண்ணை இமைக்காமல். (வக்கீல் என்றால் சும்மாவா!) வழிபாட்டு இடம், கல்லில் கை வைக்கக் கூடாது என்று துரை இரண்டு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டார். குத்தகைக்காரர் கன்னத்தில் போட்டுக்கொண்டு பொங்கல் வாங்கப் போனார். என் பதினெட்டுப் பக்கமும் கக்கத்தில் வியர்வையில் ஊறிக்கொண்டிருந்தது.

மானம் போன நாள்தான். ஆனால் கல் பிழைத்தது. எத்தனையோ வெள்ளம் பார்த்துவிட்டு இன்றும் அப்படியே நிற்கிறது. அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் எனக்குப் பெருமை தாங்காது. நான் காப்பாற்றிய கல் என்று வீட்டுக்கு வந்தவர்களிடம் ஆரம்பித்தால் போதும், என் மனைவி அடுப்படியிலிருந்தே பேரப்பிள்ளைகளுக்குச் சொல்வாள்:

"உங்க தாத்தா பதினெட்டுப் பக்கம் எழுதுனதை ஒருத்தரும் படிக்கல. கழுவாம விட்டுட்டு வந்ததை ஊரே கும்பிடுது!"