அரைவாசி செருகிய பிளக்

மனைவிக்குக் கார் ஓடப் பழக்குவதென்று முடிவெடுத்த அன்று சண்முகநாதன் ஒரு விஷயத்தை யோசிக்கவில்லை. கமலாம்பிகை உண்மையிலேயே பழகிவிட்டால் என்ன செய்வது?

பழகிவிட்டாள். நாளைக் காலை லைசென்சுக்கான ரோட் ரெஸ்ற். பாஸ் பண்ணினால் மார்க்கம் நகரில் ஒரு முதியோர் இல்லத்தில் வேலை. கார் ஓடத் தெரிந்த ஆள்தான் வேண்டுமாம். மல்வேர்னில் அவர்களுடைய வீட்டுக்கு இருந்தது ஒரேயொரு பழைய கார். அது போனாலும் பரவாயில்லை. "இஞ்சேருங்கோ, கடைக்கு ஒருக்காக் கூட்டிக்கொண்டு போறியளோ?" என்று அவள் கேட்க, யோசிப்பதுபோல் கொஞ்சம் இருந்துவிட்டுப் பெரிய மனதோடு எழும்புவாரே, அந்தப் பதவி போய்விடும். வீட்டில் அவருக்கு வேறு பதவி கிடையாது. காரை ஓட்டுவது அவர்; அவரை ஓட்டுவது கமலாம்பிகை.

பின்னேரம் ரேடியோவில் கடும் குளிர் வருகிறது என்றார்கள். கமலாம்பிகை வெளியே போய், காரின் முன்பக்கத்தில் நாக்கைப்போலத் தொங்கிய வயரை இழுத்துச் சுவர்ப் பிளக்கில் கொழுவிவிட்டு வந்தாள். எஞ்சினைச் சூடாக வைத்திருக்கும் ஹீற்றரின் வயர் அது. விடியும்வரை கரண்ட் ஓடினால்தான் அந்தக் கிழட்டு எஞ்சின் கண் திறக்கும்.

"குப்பை வாளியை வெளியில வைச்சிட்டு வாறன்," என்றார் சண்முகநாதன்.

"தொப்பியைப் போட்டுக்கொண்டு போங்கோ."

பிளக்கை முழுதாகக் கழற்றினால் பிடிபட்டுவிடும். அரைவாசி இழுத்துவிட்டார். பார்ப்பவருக்குச் செருகியபடிதான் தெரியும்; கரண்ட் மட்டும் போகாது. உள்ளே வந்து சப்பாத்தைக் கழற்றிய பிறகுதான் வாளியைக் கொண்டுபோகாதது ஞாபகம் வந்தது. திரும்பவும் போனார்.

காலையில் சண்முகநாதன் பாணைப் பிய்த்துப் பிய்த்துத் தட்டிலேயே வைத்தார். எதிரே கமலாம்பிகை, மேசைவிளிம்பை ஸ்ரியறிங்காகப் பிடித்து, கண்ணை மூடி, பார்க் பண்ணிக்கொண்டிருந்தாள். அவர் ஜன்னலால் காரைப் பார்த்தார். இப்போதே ஓடிப்போய்க் கொழுவினாலும் நேரம் காணாது.

"ஏன் சாப்பிடேல்லை?"

"குளிரப்பா."

"குளிரோ? வேர்க்குது உங்களுக்கு. போய்க் காரை ஒருக்கா ஸ்ராட் பண்ணுங்கோ."

வெளியே போய்க் கார்த் திறப்பைத் திருப்பினார். கார் ஒருமுறை செருமியது. பிறகு அதுவும் இல்லை. கவலை முகம் ஒன்றை ஏற்கெனவே தயாராக வைத்திருந்தார். அதைப் போட்டுக்கொண்டு உள்ளே வந்தார்.

"சரிவராது போல கிடக்கு. குளிர் அப்பிடி. ரெஸ்றை வேற நாளைக்கு எடுப்பம்."

"ஓம், உந்தக் கார் சரிவராது," என்று அவள் ஜக்கெற்றின் சிப்பை இழுத்தாள். "பக்கத்து வீட்டு அன்ரனெற்றின்ர கார் கராஜுக்குள்ள சூடா நிக்குது. அவவோட போறன்."

"எப்ப கேட்டனீர்?"

"நேற்று. நீங்கள் வாளியில்லாமல் குப்பை வைக்கப் போனீங்களெல்லே, அப்ப."

"பாத்துக்கொண்டு நிண்டனீரோ? பின்னை ஏன் திருப்பிக் கொழுவேல்லை?"

"எனக்கென்னத்துக்கு? பின்னேரம் அந்தக் காரில வேலைக்குப் போறது நீங்களெல்லோ."

அதை அவர் யோசிக்கவேயில்லை.

மத்தியானம் நீல்சன் வீதியில் பஸ்ஸுக்கு நின்றார். பஸ் வரவில்லை. மூக்கு இருக்கிறதா என்று அடிக்கடி தொட்டுப் பார்த்தார். அவள் பெயிலாகி வந்தால் பழி தன் தலையில்தான். அவளுடைய முகத்தை எப்படிப் பார்ப்பது? பிள்ளையாரே, எப்படியாவது பாஸ் பண்ணவிடு என்று வேண்டிக்கொண்டார். நேற்றுப் பிளக்கை இழுத்தபோது கேட்டதற்கு நேரெதிர். பிள்ளையாரே குழம்பியிருப்பார்.

ஒரு கார் வந்து மெதுவாக, கரையோடு ஒட்டி, அழகாக நின்றது. காரை ஓட்டிவந்தது கமலாம்பிகை. பக்கத்தில் அன்ரனெற்.

"பாஸோ?" என்று கேட்டார்.

"பாஸ். ஏறுங்கோ, வேலையில இறக்கிவிடுறன்."

நெஞ்சிலிருந்த கல் இறங்க, பழக்கதோஷத்தில் முன்கதவைத் திறந்தார். அன்ரனெற் சிரித்தபடி பின்சீற்றைக் காட்டினாள். போய் ஏறி இருந்தார். கார் நகரவில்லை.

"ஏன் நிக்குது?"

கமலாம்பிகை கண்ணாடியில் அவரைப் பார்த்தாள்.

"பெல்ட்டைப் போடுங்கோ. போட்டாத்தான் எடுப்பன்."