கயித்துக்காரர் பார்த்த டிராக்டர்

அலங்காநல்லூர் வட்டாரத்தில் அந்தக் காலத்தில் ஒரு சின்ன டிராக்டர்கூடக் கயித்துக்காரரின் உத்தரவில்லாமல் மண்ணைத் தொட்டதில்லை. இத்தனைக்கும் அவருக்கு டிராக்டர் ஓட்டத் தெரியாது. சொந்தமாக இருந்தது ஒரு ஜோடி மாடும் துண்டு நிலமும்தான். அவர் நிஜப் பெயரை நான் கேட்டதில்லை. கேட்டிருந்தாலும் அப்போதிருந்த கோபத்தில் மறந்திருப்பேன்.

எண்பதுகளின் தொடக்கத்தில் நான் ஆரப்பாளையத்தில் ஒரு டிராக்டர் கடையில் சேல்ஸ்மேன். சின்ன வண்டியின் குதிரைசக்தி, கியர், டீசல் செலவு எல்லாம் எனக்குத் தலைகீழ்ப் பாடம். மூச்சு விடாமல் ஒப்பித்து முடிப்பேன். கேட்டுக்கொண்டிருந்த விவசாயி தலையை ஆட்டிவிட்டு, "சரிண்ணே, கயித்துக்காரரக் கூட்டிட்டு வாரேன்" என்பார். எனக்கு வயிறு எரியும்.

அவர் வருவார். துண்டு கிடக்க வேண்டிய தோளில் சுருட்டிய கயிறு ஒன்று கிடக்கும். அவர் ஊர்த் தென்னந்தோப்புகளில் இரண்டு வரிசைக்கு நடுவே எவ்வளவு இடம் உண்டோ அவ்வளவு நீளம். அதைக் கடை வாசலில் விரிப்பார். அந்த அகலத்துக்குள் வண்டி ஒரே வீச்சில் திரும்ப வேண்டும். பிறகு வேட்டியை மடிக்காமல் சீட்டில் ஏறிப் பார்ப்பார். வேட்டி தடுக்கினால் வண்டி மேல் ஒரு குற்றம். எஞ்சினை ஓடவிட்டு மட்கார்டில் நிறைதம்ளர் தண்ணீர் வைப்பார். சிந்தினால் இன்னொரு குற்றம். வழவழப்பான விலைப் புத்தகத்தை நீட்டினால் வாங்கி விசிறிக்கொள்வார்.

விளாங்குடியில் இருந்த போட்டிக் கடையிலும் இதே கூத்துதான். இரண்டையும் பார்த்துவிட்டு ஒரு வார்த்தை சொல்வார். அதற்கு அப்பீல் கிடையாது. கல்யாணமான புதிதில் மனைவியை நினைத்ததைவிட அந்த மனுசனைத்தான் நான் அதிகம் நினைத்துப் பொருமினேன்.

அலங்காநல்லூரில் தென்னந்தோப்பு வைத்திருந்த என் மாமனார் டிராக்டர் வாங்கப் போகிறார் என்றதும் இந்த முறையாவது என் பேச்சு எடுபடும் என்று நம்பினேன். அவரும் கயித்துக்காரரோடுதான் வந்து இறங்கினார். என் முகம் போன போக்கைப் பார்த்துவிட்டு, "மாப்ள, நீங்க விக்கிறவரு. அவரு பாக்குறவரு" என்றார். மாமனாரே விளாங்குடியில் வாங்கிவிட்டால், தீபாவளிக்கு நான் எந்த முகத்தை வைத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போவது?

எங்கள் வண்டி கயிற்றுக்குள் தாராளமாகத் திரும்பியது. விளாங்குடி வண்டி கொஞ்சம் பெரியது. ஆனால் அதுவும் மயிரிழையில் திரும்பிவிடும் என்று எனக்குத் தெரியும். இருவரும் பக்கத்துக் கடைக்கு டீ குடிக்கப் போனார்கள். கயிறு டிராக்டர் சீட்டிலேயே கிடந்தது. பொறாமை கண்ணை மறைத்தது. பிளேடை எடுத்து ஒரு சாண் அறுத்துவிட்டு, நுனியில் பழையபடி முடிச்சுப் போட்டு வைத்தேன்.

சாயங்காலம் விளாங்குடியிலிருந்து திரும்பி வந்தார்கள். உங்கள் வண்டிதான் என்று சொல்லிவிட்டு மாமனார் முதலாளி அறைக்குள் போனார். எனக்குத் தரையில் கால் பாவவில்லை. கயித்துக்காரர் என்னை ஓரமாக அழைத்தார்.

"முப்பது வருசமா இந்தத் தோள்ல கெடக்குற கயிறு. ஒரு சாண் கொறஞ்சா தோளுக்குத் தெரியாதா?"

குறைந்த ஒரு சாணை அவரே கையால் அளந்து சேர்த்துக்கொண்டாராம். விளாங்குடி வண்டி அழகாகத் திரும்பியதாம். இழுவையிலும் அதுதான் ஒசத்தியாம். மாமனாரிடம் கயிற்றைப் பற்றி அவர் மூச்சுவிடவில்லை.

"அப்புறம் ஏண்ணே எங்க வண்டியச் சொன்னீங்க?"

"நடுத்தோப்புல வண்டி நின்னுட்டா விளாங்குடிலருந்து எவன் வருவான்? இம்புட்டு வயித்தெரிச்சல் உள்ளவன் தன் வண்டிய நிக்க விடமாட்டான். நீ ஓடியாருவ."

ஓடத்தான் செய்தேன். ஒரு போல்ட் தளர்ந்தது என்றாலும் ஸ்பானரோடு அலங்காநல்லூர் பஸ்ஸில் தொற்றிக்கொண்டேன்.

மாமனார் வண்டி எடுத்த அடுத்த வாரமே வேறொருவர் வண்டி பார்க்க வந்தார். குதிரைசக்தியில் ஆரம்பித்தவன் கியர் வருவதற்குள் நிறுத்திக்கொண்டேன். எதற்கும் கயித்துக்காரரைக் கூட்டிக்கொண்டு வாருங்கள் என்றேன். வண்டி விற்கிறதோ இல்லையோ, எனக்கு அவரைப் பார்க்க வேண்டும்போல் இருந்தது.