முப்பதுக்கு முப்பது

ஞாபக மறதியை வடமதுரையிலிருந்து அடியோடு ஒழித்த பெருமை எங்கள் குடும்பத்தையே சேரும். அரசு விழா எடுத்தால் வரத் தயாராக இருக்கிறோம்.

என் மாமனார் சடையாண்டி போன மாதம் திண்டுக்கல் மார்க்கெட்டில் மல்லிகைப் பூவை விற்றுவிட்டு பஸ் ஏறியவர், எங்கள் ஊரில் இறங்காமல் அய்யலூர் வரை போய்விட்டார். தூங்கவில்லையாம். தன் ஊரைப் பார்த்துக்கொண்டேதான் கடந்திருக்கிறார்.

"ஏலே மதி, எனக்கு என்னமோ நழுவுது. யாராச்சும் பாத்துச் சொல்லச் சொல்லு" என்று என் கணவரிடம் அவரே கேட்டார்.

விஞ்ஞானம் உடனே வீடு தேடி வந்தது. சென்னையில் ஏதோ ஒரு 'மூளைநல மையம்', செல்போனிலேயே சோதித்துவிடுமாம். ஞாயிறு காலை பத்து மணி. மொத்தம் முப்பது மதிப்பெண்.

மதிப்பெண் என்றதும் கணவர் மதியழகன் நிமிர்ந்தார். டியூஷன் சென்டர் நடத்துபவர். "நம்ம வீட்டுல இதுவரைக்கும் ஒருத்தரும் ஃபெயிலானதில்ல." அன்றே 'முன்தயாரிப்புக் குழு' கூடியது. நாத்தனார் ஆனந்திக்கு விலங்குகள் துறை. எனக்குத் தேதியும் கிழமையும்.

தேர்வு மாண்புடன் நடந்தது. "இன்று என்ன கிழமை?" என்றது போன். அதன் முதுகுப் பக்கம் நின்று தினசரி காலண்டரைத் தூக்கிப் பிடித்தேன். "விலங்குகளின் பெயர்களைச் சொல்லுங்கள்." ஆனந்தி கையைத் தும்பிக்கையாக்கினாள், தலையில் கொம்பு வைத்தாள், குரங்காகி விலாவைச் சொறிந்தாள். நினைவில் வைக்கச் சொன்ன ஐந்து சொற்களுக்கு, கணவரின் சிலேட்டு எழுந்தது.

நடுவில் மாமா தயங்கினார். "தெரியலன்னு சொல்லிரவா?"

"ஸ்ஸ்ஸ்! மைனஸ் மார்க் இருக்கும்ப்பா" என்றார் கணவர்.

என் கை கடுத்தது. காலண்டரை இறக்கியிருக்கலாம். இறக்கினால் நாளைக்கே டாக்டர், மருந்து, அவர் பின்னால் தெருத்தெருவாக யார் நடப்பது என்ற பேச்சு. அந்த 'யார்' யாரென்று எனக்குத் தெரியும். இன்னும் கொஞ்சம் உயர்த்திப் பிடித்தேன்.

முப்பதுக்கு முப்பது. 'நினைவாற்றல் மிகச் சிறப்பு. அடுத்த சோதனை ஓராண்டுக்குப் பின்.' கணவர் ஸ்டேட்டஸ் வைத்தார். ஆனந்தி லட்டை நீட்டினாள்.

மாமா வாங்கவில்லை. எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தார்.

"உங்க மூணு பேருக்கும் மூளை நல்லாத்தான் இருக்காம். ரொம்பச் சந்தோசம். எனக்கு எப்பப் பாப்பீங்க?"