எழுபத்தாறு இஞ்ச் மார்பு

அன்புள்ள மச்சான் அவர்களுக்கு,

உங்கள் தங்கையின் கணவன், தையற்கடைக்காரன், வணக்கத்துடன் எழுதுவது. நலம் என்று எழுதத்தான் கை போகிறது. ஆனால் நான்கு நாளாக நான் சமைத்ததை நானே சாப்பிடுகிறேன். என் நலத்தை நீங்களே ஊகித்துக்கொள்ளுங்கள். அங்கே அக்காவும் பிள்ளைகளும் சௌக்கியமாக இருக்க வேண்டும். உங்கள் வீட்டில் இப்போது கூடுதலாக இருக்கும் ஒருத்தியைப் பற்றிக் கேட்க எனக்கு உரிமை இருக்கிறதா, தெரியவில்லை. இருந்தாலும் கேட்கிறேன். சாப்பிடுகிறாளா?

அவள் தன் பக்கத்தைச் சொல்லியிருப்பாள். என் பக்கத்தையும் கேட்டுவிட்டுத் தீர்ப்புச் சொல்லுங்கள். தீயணைப்பு நிலையத்திலிருந்து அணிவகுப்புக்கு இருபத்துநான்கு கோட்டு கேட்டிருந்தார்கள், வருகிற வெள்ளிக்கிழமைக்குள். வழக்கம்போல உங்கள் தங்கைதான் நேரில் போய் எல்லோருக்கும் அளவெடுத்தாள். உடம்பளவுக்கு மேல் மூச்சு விடுவதற்கென்று நான்கு இஞ்ச் கூட்டிக்கொள்வோம், எங்கள் தொழிலில் அதற்கு லூஸ் என்று பெயர். இருபத்திரண்டு வருடமாக அதை அவள் மனத்திலேயே கூட்டி வெட்டுவாள், நான் தைப்பேன், கடை ஓடும். சும்மா இருந்த சங்கை ஊதிக் கெடுத்தது நான்தான். நீங்கள் போனில் கம்ப்யூட்டர் ஷீட் சொல்லிக்கொடுத்தீர்கள் அல்லவா, அந்த வித்தையை இதில் காட்டலாம் என்று உட்கார்ந்தேன்.

பி வரிசையில் மார்பளவுகளை மேலிருந்து கீழாக அடித்தேன். எஃப் இரண்டு என்ற கட்டத்தில் லூஸ் நான்கு. நிலைய அதிகாரிக்கு நேராக, பி இரண்டோடு எஃப் இரண்டைக் கூட்டு என்று ஃபார்முலா போட்டேன். நாற்பதும் நான்கும் நாற்பத்துநான்கு என்று பளிச்சென்று வந்தது. உடனே கட்டத்தின் மூலையைப் பிடித்துக் கீழே இழுத்தேன். ஒரே இழுப்பில் இருபத்துநான்கு பேருக்கும் அளவு விழுந்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை. தாளை அச்செடுத்து உங்கள் தங்கை கையில் கொடுத்து, "இனிமே மண்டைய ஒடைச்சுக்க வேணாம், இதுல இருக்கறபடி வெட்டு" என்றேன். முதல் நான்கு கோட்டையும் பக்கத்திலேயே நின்று வெட்ட வைத்தேன்.

நான்காவதில் அவள் கத்திரிக்கோலை நிறுத்தினாள். "எழுபத்தாறுன்னு போட்டிருக்கு, பாத்தீங்களா?"

"கம்ப்யூட்டர் போட்டிருக்கு. நீ வெட்டு."

"மனுஷன் மார்புங்க இது."

"உனக்கு ரொம்பத் தெரியுமோ?"

வெட்டினாள். நானும் தைத்தேன் மச்சான், அதைச் சொல்லாவிட்டால் பாவம். தண்ணீர்க் குழாய் பிடிக்கிறவர் ஆயிற்றே, உள்ளே ஏதாவது வைத்துக்கொள்வாராயிருக்கும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

போன வெள்ளிக்கிழமை நான்கு பேர் போட்டுப் பார்க்க வந்தார்கள். அதிகாரிக்குக் கச்சிதம். ஓட்டுநருக்குப் பட்டன் போட முடிந்தது, ஆனால் அப்புறம் அவரால் பேச முடியவில்லை. கண்ணாலேயே கழற்றச் சொன்னார். ஏணிக்காரர் கோட்டுக்குள் கையைத் தேடிக்கொண்டிருந்தார். குழாய்க்காரருடைய கோட்டை அவரும் ஓட்டுநரும் சேர்ந்தே போட்டுக்கொண்டார்கள், இடம் மீந்தது. அதிகாரி சிரிக்கவில்லை. வாயில் வந்ததைச் சொன்னேன்: "அளவெடுத்தது இவ. இவ இஞ்சி டேப்புதான் சரியில்ல."

அவள் டேப்பைக் கழுத்திலிருந்து எடுத்துச் சுருட்டி மேஜைமேல் வைத்தாள். கத்திரிக்கோலை மட்டும் பையில் போட்டுக்கொண்டு உங்கள் ஊருக்குப் பஸ் ஏறிவிட்டாள்.

அன்று மாலை ஷீட்டைத் திறந்து ஒவ்வொரு கட்டமாகத் தட்டிப் பார்த்தேன். கீழே இழுத்தபோது பி இரண்டு பி மூன்றாகி, அடுத்த ஆளின் மார்பளவுக்குப் போயிருக்கிறது, அது நியாயம். ஆனால் கூடவே எஃப் இரண்டும் எஃப் மூன்றாகிவிட்டது. எஃப் மூன்று காலிக் கட்டம், அதனால் ஓட்டுநருக்கு லூஸே இல்லை. எஃப் நான்கில் பட்டன் பன்னிரண்டு டஜன் வாங்க வேண்டும் என்பதற்காகப் பன்னிரண்டு என்று குறித்திருந்தேன், அது ஏணிக்காரர் மார்பில் ஏறிவிட்டது. எஃப் ஐந்தில் கொக்கி முப்பத்தாறு, அது குழாய்க்காரரின் நாற்பதோடு சேர்ந்து எழுபத்தாறு. அதற்குக் கீழே இருபது பேருக்கும் காலிக் கட்டம். "மாப்ள, ஒரே எடத்துல நிக்க வேண்டியதுக்கு டாலர் குறி போட்டுடுங்க, இல்லன்னா இழுக்க இழுக்க அதுவும் கூடவே எறங்கிடும்" என்று நீங்கள் சொன்னது அப்போதுதான் காதில் விழுந்தது. போனில் சொன்னபோது "ம், ம்" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தேன்.

சரி என்று டாலர் போட உட்கார்ந்தேன். ஆத்திரத்தில் எஃப்புக்கும் போட்டேன், பிக்கும் போட்டேன், பக்கத்திலிருந்த எண்களுக்கும் போட்டேன். இழுத்தால் இருபத்துநான்கு பேருக்கும் அதிகாரியின் மார்பு! அப்புறம் பியை அதன் போக்கில் விட்டுவிட்டு, எஃப்புக்கு முன்னால் ஒன்று, அதன் எண்ணுக்கு முன்னால் ஒன்று என்று போட்டேன். எல்லாம் ஒழுங்காக வந்தது, அச்செடுத்து வைத்தேன். எதை நிறுத்தி வைப்பது, எதை அதன் போக்கில் விடுவது என்று தெரிந்துகொள்ள எனக்கு ஐம்பது வயதாகியிருக்கிறது.

ஆகவே தவறு என்னுடையது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் மச்சான், முழுத் தவறா? பாதி என்று வையுங்கள். எழுபத்தாறைப் பார்த்தவள் இன்னும் கொஞ்சம் அழுத்திச் சொல்லியிருக்கக் கூடாதா? மீதி இருபது துணியையும் அந்தத் தாளின்படியே வெட்டிக் கட்டி வைத்துவிட்டாளே, அந்தப் பிடிவாதத்தை என்னவென்று சொல்வது? அதே துணி மில்லில் இனிக் கிடைக்காது. கட்டுகளைப் பிரித்துப் பார்க்கவே எனக்குத் தைரியமில்லை. நீங்கள் மூத்தவர், நாலு நல்ல வார்த்தை சொல்லி அனுப்பி வையுங்கள். கம்ப்யூட்டரைத் துணி போட்டு மூடிவிட்டேன். இனி தொடமாட்டேன்.

அக்காவுக்கு என் வணக்கம். பிள்ளைகள் நீண்ட ஆயுளோடு, யார் பேச்சையும் கடைசிவரை காது கொடுத்துக் கேட்கும் குணத்தோடு வளரட்டும்.

இப்படிக்கு,
உங்கள் மாப்பிள்ளை

பி.கு.: உறையை ஒட்டுவதற்குமுன் எதையாவது காப்பாற்ற முடியுமா என்று ஒரு கட்டைப் பிரித்தேன். அளவு சரியாக இருந்தது. லூஸ் நான்கும் இருந்தது. இருபதையும் பிரித்து, டாலர் போட்ட தாளைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். அரை இஞ்ச் வித்தியாசமில்லை. நான் அந்தப் பக்கம் நகர்ந்ததும் தாளை ஓரமாக வைத்துவிட்டு, பழையபடி மனக்கணக்கில் வெட்டியிருக்கிறாள். ஓட்டுநர் கோட்டிலும் பிரித்து விடுவதற்கு உள்தையலில் துணி விட்டிருக்கிறாள். அவ்வளவு பேர் முன்னால் நான் கத்தியபோது இதில் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் என் மானம்தான் போயிருக்கும். சொல்லாமல் போய்விட்டாள்.

ஆகவே மேலே பாதி என்று எழுதியதை அடித்துவிடுங்கள், மச்சான். பிடிவாதம் என்று எழுதியதையும். இதைத் தபாலில் போடவில்லை. காலை முதல் பஸ்ஸில் நானே எடுத்துக்கொண்டு வருகிறேன். கோட்டுக்காக வந்தேன் என்று அவள் நினைத்துவிடக் கூடாது. வெட்டி வைத்தாயிற்று, தைக்க நான் இருக்கிறேன், கோட்டுக்கு அவள் வர வேண்டியதே இல்லை. நீங்கள் கடிதத்தை வாங்கிக்கொண்டு உள்ளே போய் அவளிடம் கொடுங்கள். நான் வாசலிலேயே நிற்கிறேன். அவள் கூப்பிடும்வரை நகரமாட்டேன்.