சாப்பாட்டு மேசையில் ஓடிய தேர்

2022 ஓகஸ்ட் 20, சனிக்கிழமை. காலை 5.30க்கு எழுந்தேன். 5.40க்குப் பிளேன்டீ. 6.10க்குச் செடிகளுக்குத் தண்ணீர். 6.30க்குக் கரண்ட் வெட்டு அட்டவணையை டயரியில் ஒட்டினேன். (ஒட்டுவதற்கு முன் ஓரங்களை அடிமட்டம் வைத்து வெட்டுவேன். என் மனைவி சரோஜா இதை ஒரு வியாதி என்பாள்.)

அன்று மாலை நான்கு மணிக்கு மகள் வினோதினியைப் பெண் பார்க்கக் கலேவெலயிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வருவதாக ஏற்பாடு. அவளும் மாப்பிள்ளையும் இரண்டு வருடமாகப் பழகுவது எல்லோருக்கும் தெரியும். மாப்பிள்ளையின் அம்மாதான் இன்னும் முழுமனதாகத் தலையாட்டவில்லை. எனவே அலுவிகாரையிலுள்ள எங்கள் வீடு குறையில்லாமல் இருக்க வேண்டும். ஒரே குறை, கோப்பை வட்டங்கள் படிந்த சாப்பாட்டு மேசை.

அதை நானே புதிதாக்குவேன் என்று முன்பே அறிவித்திருந்தேன். தச்சு வேலையில் என் அனுபவம், ஆணிக்குப் பதில் விரலில் அடித்துக்கொண்டது மட்டும். ஆரம்பக்காரன் முதலில் எந்த மெஷினை வாங்குவது என்று ஒவ்வொன்றுக்கும் புள்ளி போட்டுப் பதினொரு பக்கம் எழுதினேன். அதைப் படித்த மாத்தளை ஹாட்வெயார் கடைக்கார நானா தலையைச் சொறிந்தார்.

"சேர், பழகுறவங்களுக்கு மொதல்ல ஓட்ட போட ஒரு டிரில், பலக வெட்ட ஒரு ஜிக்சோ போதும். மேச தேய்க்க இந்தா, கைக்கடக்கமா சின்ன சாண்டர் இருக்கு. அந்தப் பெல்ட் சாண்டர் வேணாம். அது தச்சுவேல பாஸ்மாருக்குத்தான் அடங்கும்."

பெல்ட் சாண்டர் என்பது மணற்கடதாசிப் பட்டி சுழலும் கனத்த மெஷின்.

"அதுல பிளேடே இல்லியே நானா?"

"பிளேடு இல்ல. ஆனா ஓடும், சேர்."

பிளேடு இல்லாததால் நான் அதற்குப் பாதுகாப்பில் பத்துக்குப் பத்து போட்டிருந்தேன். ஒரு கடைக்காரர் சொன்னதற்காகப் பதினொரு பக்கத்தைத் திருத்துவதா? வாங்கினேன்.

மதியம் 1.30க்கு ஆரம்பம். விரல் வலித்ததால், சுவிட்சை அழுத்திய நிலையிலேயே வைத்திருக்கும் பொத்தானைப் பூட்டிவிட்டேன். பாதி மேசை பளபளத்தது. 2.10க்கு மெஷின் நின்றது.

"கரண்ட் போயிருச்சுப்பா," என்றாள் வினோதினி.

டயரியைத் திறந்து காட்டினேன். "இந்த நேரத்துல வெட்டு இல்ல. மெஷின்தான் பழுது."

"அப்ப ஃபேன் ஏன் நிக்குது?"

"அதுவும் பழுதா இருக்கும்." (அவள் என்னைப் பார்த்த பார்வையையும் குறித்து வைத்திருக்கிறேன்.)

கடைக்கு முறைப்பாட்டுக் கடிதம் எழுத உட்கார்ந்தேன். இரண்டாவது பத்தியில் இருக்கும்போது வாசலில் வேன் சத்தம். நான்கு மணி விருந்தாளிகள் மூன்றுக்கே வந்துவிட்டார்கள். சரோஜா புதிய விரிப்பை எடுத்து மேசை, மெஷின் இரண்டையும் சேர்த்து மூடினாள். முன்னால் பூச்சாடி, முறுக்குத் தட்டு. ஓரத்தில் மட்டும் ஒரு மேடு.

மாப்பிள்ளையின் அம்மா அதையே பார்த்தார். "அது என்னங்க, மூடி வச்சிருக்கீங்க?"

"சாமி சாமானுங்க," என்றாள் சரோஜா, கண்ணிமைக்காமல்.

அந்த அம்மா மரியாதையாகக் கைகூப்பினார். வேறு வழியில்லாமல் நானும் கும்பிட்டேன்.

3.12க்குக் கரண்ட் வந்தது.

சாமி உறுமியது. விரிப்பை இழுத்துக்கொண்டு, பூச்சாடியைச் சாய்த்து, முறுக்குத் தட்டைத் தள்ளியபடி மறுகோடியில் இருந்த அந்த அம்மாவை நோக்கிப் புறப்பட்டது. நான் டயரியுடன் நாற்காலியில் ஏறினேன். (மற்றவர்களைக் காப்பாற்றும் எண்ணம் பிற்பாடுதான் வந்தது.) மாப்பிள்ளை ஒரே பாய்ச்சலில் சுவரருகே போய்ப் பிளக்கைப் பிடுங்கினார். அவர் அம்மாவுக்கு ஒரு சாண் முன்னால் மெஷின் நின்றது.

வினோதினியின் முகம் வெளுத்துவிட்டது. இரண்டு வருடக் காதலை ஒரே மதியத்தில் தேய்த்து முடித்துவிட்டேன் என்றே நினைத்தேன்.

அந்த அம்மா மடியில் விழுந்த முறுக்கை எடுத்துப் பார்த்தார். "ஒங்க சாமி தேர்ல வந்து பிரசாதமே குடுத்திருச்சுங்க," என்று ஒரு கடி கடித்தார். பிறகு சிரித்தார் பாருங்கள், அடக்கவே முடியவில்லை.

மாப்பிள்ளை கையில் பிளக்குடன் சொன்னார்: "கரண்ட் போனா மொதல்ல இதக் கழட்டிறணும், மாமா."

அதுவரை அவருக்கு நான் 'சேர்'. அதைக் கேட்டு அவர் அம்மா இம்முறை முழுமனதாகத் தலையாட்டினார். சரோஜா பாயாசம் எடுக்க உள்ளே ஓடினாள்.

மேசையில் மெஷின் ஓடித் தேய்த்த தடம் இன்றும் இருக்கிறது. இரு குடும்பத்திலும் அதன் பெயர் தேர்வீதி. சம்பந்தியம்மா இப்போதும் உட்காருமுன், "சாமி உள்ளதானே இருக்கு?" என்று கேட்பார்.

மறுநாள் காலை 5.30க்கு எழுந்தேன். பிளேன்டீ கூடக் குடிக்காமல், வீட்டிலிருந்த ஒன்பது பிளக்குகளையும் கழற்றினேன். மிச்சப் பாயாசம் இருந்த பிரிட்ஜையும் சேர்த்துத்தான்.