புள்ளிய அழிச்ச பாவம்

சாமியார்கிட்ட பண்ண வேண்டிய பாவசங்கீர்த்தனத்த ஒரு அமெரிக்கா சார்ஜெண்ட்கிட்ட, அதுவும் நாப்பது பேருக்கு முன்னாடி பண்ண ஒரே பெங்களூர் அல்சூர்க்காரன் நான்தான்.

உலக சண்டை நடந்துட்டிருந்த நேரம். எங்கண்ணன் அந்தோணி ஏரோப்ளேன் ஒர்க்‌ஷாப்ல ஃபிட்டர். அங்க வந்து எறங்குன அமெரிக்கா சோல்ஜருங்க நம்மாளுங்களையும் சேத்துக்கிட்டு நாலு டீம் போட்டு பேஸ்பால் லீக் நடத்துனாங்க. (உருளக்கட்ட மாதிரி பேட்டு. ஸ்டம்ப்பே கெடையாது. அப்பவே எனக்கு மரியாத போயிடுச்சு.) கடைசில நாலு டீம்லயும் ஆள் பொறுக்கி, ஞாயித்துக்கெழம பரேட் மைதானத்துல பெரிய மேட்ச். ஒரே ஒரு எடம் பாக்கி. எங்கண்ணனா, பெயிண்ட் செக்‌ஷன் விக்டரா?

எங்கப்பாவோ பூச முடிஞ்சு வந்த அத்தன பேருகிட்டயும், "எம்பையன் ஆடுறான், வந்துருங்க"ன்னு சொல்லிட்டாரு.

வெள்ளிக்கெழம அண்ணன்கூட நானும் வேடிக்க பாக்கப் போயிருந்தேன். ஆள் பொறுக்குற சார்ஜெண்ட் மில்லர் போர்டுல சாக்பீஸால எழுதுனாரு: லீக் ஆவரேஜ் 242, விக்டர் 251. "அந்தோணிக்கு எவ்ளோ? ஜாஸ்தி இருக்கறவன் டீம்ல"ன்னாரு.

"எந்தம்பி போடுவான் சார், பி.ஏ. மேத்தமேட்டிக்ஸ் படிக்கறான்!"னு அண்ணன் என்ன முன்னாடி தள்ளுனான்.

கணக்கு சுலபம்தான். நல்லா அடிச்ச தடவைய, ஆடப் போன தடவையால வகுக்கணும். அண்ணன் இருபத்தொம்பது தடவ போயி ஒம்பது தடவ அடிச்சிருந்தான். ஒரு பேப்பர்ல பென்சிலால வகுத்தேன். 0.310.

லீக்கு இருநூத்தி நாப்பத்திரெண்டு, எங்கண்ணன் முழுசா ஒண்ணு கூட இல்ல! கிரிக்கெட்ல இந்த ஆவரேஜுக்கு தண்ணி கொண்டாரக் கூட கூப்பிட மாட்டாங்க. மறுபடி வகுத்தேன். அதேதான். (மேல ஒம்பது, கீழ இருபத்தொம்பது. ஒண்ணத் தாண்டவே தாண்டாதுன்னு மூணாங்கிளாஸ் புள்ளைக்குத் தெரியும். அப்ப லீக்குக்கு மட்டும் எப்படிடா 242ன்னு இந்த பி.ஏ. மண்டைக்குத் தோணல.)

சுத்திமுத்திப் பாத்தேன். ரப்பர எடுத்தேன். சைபரு, புள்ளி ரெண்டும் காலி. 310.

"த்ரீ டென்!"னு சார்ஜெண்ட் கத்துனாரு. ஒரே கைதட்டல். அண்ணன தோள்ல தூக்கிட்டாங்க. விக்டர் வந்து, "நீதான்பா கில்லாடி"ன்னு கை குடுத்தான். அதத்தான் என்னால தாங்க முடியல. மறுநாள் சனிக்கெழம, பாவசங்கீர்த்தனம் வேற!

"நிறுத்துங்க!"ன்னு அலறுனேன். "நான் புள்ளிய அழிச்சிட்டேன்! எங்கண்ணன் வெறும் பாயிண்ட் த்ரீ ஒன்! விக்டரையே எடுத்துக்குங்க!"

தோள் மேல இருந்தே அண்ணன் கத்துனான்: "டேய் பாவி! உன்ன யார்றா கேட்டா?"

சார்ஜெண்ட் என்ன ஏற எறங்கப் பாத்தாரு. "அதத்தான்யா நாங்க த்ரீ டென்னுங்கறோம். போர்டுல இருக்கறதும் பாயிண்ட் டூ ஃபோர் டூதான். அந்தப் புள்ளிய எவன்யா எழுதறான்?"

மொதல்ல சிரிச்சது விக்டரு. அப்புறம் ஒர்க்‌ஷாப்பே சிரிச்சுது. சிரிச்சா சிரிக்கட்டும், ஞாயித்துக்கெழம மொத பந்தையே அண்ணன் மைதானத்துக்கு வெளிய நின்ன ஜட்கா வண்டி வரைக்கும் அடிச்சான். அப்பா மேல்துண்டச் சொழட்டுனாரு பாருங்க, பக்கத்துல நின்ன பாதரோட தொப்பி பறந்துடுச்சு!

இன்னிக்கும் எங்க வீட்ல யாரு எந்த நம்பரச் சொன்னாலும், "புள்ளியோடவா, அழிச்சிட்டா?"ன்னுதான் கேப்பாங்க. பி.ஏ. மார்க் வந்தப்போ, "எழுபத்திநாலுப்பா!"ன்னு குதிச்சிக்கிட்டு ஓடுனேன். அப்பா மார்க் ஷீட்ட வாங்கி, ஜன்னல் வெளிச்சத்துல தூக்கிப் புடிச்சு, ரப்பர் தடம் தேடுனாரு.