நினைவு இல்லாத கார்

ஜெர்மனியில் ஒரு காருக்கு முப்பது வயது நிறைந்தால் அதற்கு மரியாதை கூடிவிடும். ஆய்வாளர் வருவார், குனிந்து பார்ப்பார், தட்டிப் பார்ப்பார். உறுப்புகள் எல்லாம் அசலாக இருந்தால், எண் பலகையின் கடைசியில் ஓர் எழுத்தைக் கூடுதலாகச் சேர்த்துக்கொள்ள அனுமதி கிடைக்கும். மனிதர்களுக்கு அப்படி எந்த ஏற்பாடும் இல்லை. முப்பதென்ன, எழுபது நிறைந்தாலும் யாரும் குனிந்து பார்ப்பதில்லை.

இருந்தாலும் எங்கள் கால்டன்பாக் மாவட்ட நிர்வாகத்துக்கு ஒரு கவலை இருந்தது. கார்கள் எந்த முன்னேற்பாடும் இல்லாமல், பொறுப்பற்ற முறையில் முப்பது வயதை அடைந்துவிடுகின்றன என்பதே அது. ஆகவே இன்றைய புதிய கார்களில் நாளைய பழம்பெரும் கார் எது என்பதை இன்றே கண்டறிந்து, அதை அதன் உரிமையாளரிடமிருந்து காப்பாற்ற வேண்டும் என்று தீர்மானம் நிறைவேறியது. மாவட்ட அலுவலகத்தின் இரண்டாம் மாடியில், மீன்பிடி உரிமம் தரும் அறைக்குப் பக்கத்தில், 'வருங்காலப் பழம்பெருமைப் பிரிவு' தொடங்கியது. தலைவர் ஹெர் நியூஸ்லே. ஊழியர்களும் அவரேதான்.

லோதர் கீன்லே அந்தச் சமயம் பார்த்துத்தான் கார் வாங்கினார்.

லோதர் கூரை வேலைக்காரர். நாற்பது வருடம் சொந்தப் பட்டறை வைத்து இந்த ஊரின் பாதித் தலைகளுக்கு மேல் ஓடு போட்டவர். அவரிடம் இருபத்தாறு வருடம் ஓடு அடுக்கியவன் நான். அவர் மனைவி ரோஸ்விதா. கல்யாணமான புதிதில் இருவரும் ஆல்ப்ஸ் மலையைத் தாண்டி ட்ரியெஸ்டே கடற்கரைக்குப் புறப்பட்டார்கள். மலை உச்சியில் இருந்த விடுதிக்குத் தொலைபேசி வந்தது. புயலில் தேவாலயத்துக் கூரை போய்விட்டது. லோதர் வண்டியைத் திருப்பினார். "ஓய்வு பெற்றதும் மேல்மூடி திறக்கிற கார் ஒண்ணு வாங்கி உன்னைக் கடலுக்குக் கூட்டிட்டுப் போறேன்" என்று வாக்குக் கொடுத்தார்.

ஓய்வு பெற்றார். காரும் வாங்கினார். கரும்பச்சை நிறம், மேல்மூடி திறக்கும், கையால் கியர் போட வேண்டும். இனிமேல் எல்லாம் மின்சாரக் கார்தான், இந்த மாதிரி இனி வராது என்று விற்றவர் சொல்லியிருந்தார். ரோஸ்விதா அன்றே தலைக்குக் கட்ட ஒரு துணி எடுத்துவைத்தாள். அவளுக்கு அவசரம் இருந்தது. தூரத்துப் பொருள்கள் இன்னும் இரண்டு வருடம்தான் தெரியும், அதற்குப் பிறகு மங்கிவிடும் என்று கண் மருத்துவர் சொல்லியிருந்தார்.

வியாழக்கிழமை பியர் மேஜையில் லோதரின் நண்பர் உட்ஸ்தான் கொளுத்திப் போட்டார்.

"டேய் லோதர், இதையா ஓட்டப் போற? இது நாளைக்கு கிளாசிக் ஆகுற கார்டா!"

"ஆகுமா?"

"ஆகாம? கடைசி பெட்ரோல், கடைசி கியர். ஒரு கிலோமீட்டர் ஓட்டினாலும் போச்சு. முதல்ல நியூஸ்லேகிட்ட பதிவு பண்ணு."

மறுநாள் நானும் லோதரும் இரண்டாம் மாடிக்குப் போனோம். ஹெர் நியூஸ்லே ஒல்லியான மனிதர். பென்சிலைக்கூட இரு கைகளாலும் எடுப்பவர்.

"இந்தக் கார் கிளாசிக் ஆகுமா?" என்று கேட்டார் லோதர்.

"அதை முப்பது வருஷம் கழிச்சு இந்தப் பிரிவு உறுதியாச் சொல்லும், ஹெர் கீன்லே. அதுவரைக்கும் ஆகும்னு வச்சுக்கிட்டு நடந்துக்கணும். டயர்ல என்ன காத்து இருக்கு?"

"காத்துன்னா... காத்துதான்."

"தொழிற்சாலையில அடிச்ச காத்தா?"

"ஆமா."

"அது அசல் காத்து. அதை இறக்கக் கூடாது. மேல வேற காத்து அடிக்கவும் கூடாது. கலப்படம் ஆயிடும்."

லோதர் வீட்டுக்கு வந்து காரை நான்கு மரக்கட்டைகள் மேல் ஏற்றினார். டயர் தரையில் படாவிட்டால் காற்றுக்கு வேலை இல்லை, வேலை இல்லாவிட்டால் அது வெளியேறாது என்பது அவர் கணக்கு. இருக்கைகளின் பாலிதீன் உறையை எடுக்கக் கூடாது என்று அடுத்த கடிதம் வந்தது. அதற்கடுத்த கடிதம், 'மனித எடையினால் இருக்கைப் பஞ்சின் அசல் உயரம் பாதிக்கப்படுவது இதன்மூலம் கவனத்துக்குக் கொண்டுவரப்படுகிறது' என்றது.

ரோஸ்விதா கார் கொட்டகையில் ஒரு முக்காலியைப் போட்டு, காருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பிளம் கேக் சாப்பிட்டாள்.

"உள்ள உட்கார்ந்தா பஞ்சு அமுங்கும். வெளிய உட்கார்ந்தா நான் அமுங்குறேன்" என்றாள்.

"கொஞ்சம் பொறு, தங்கம்."

"எவ்வளவு?"

"இருபத்தொம்பது வருஷம், ஏழு மாசம்."

"அப்ப எனக்கு தொண்ணூத்தி மூணு வயசு. கடல் எந்தப் பக்கம்னு நீதான் கை காட்டணும். நீ இருந்தா."

வசந்தத்தில் தொழிற்சாலையிலிருந்து ஓர் ஓலை வந்தது. பிரேக்கை இயக்கும் மென்பொருளில் குறை இருப்பதாகவும், தொண்ணூறு நாளுக்குள் புதியதை ஏற்றாவிட்டால் காரைச் சாலையில் விட அனுமதி ரத்து என்றும் எழுதியிருந்தது. லோதர் அதைத் தூக்கிக்கொண்டு ஓடினார். நியூஸ்லே இரண்டு முறை படித்தார்.

"புது மென்பொருள் ஏத்தினா கார் அசல் இல்ல."

"ஏத்தலைன்னா ரோட்டுல விட முடியாதே?"

"ரோட்டுல விட்டாத்தானே, ஹெர் கீன்லே, பிரேக் வேணும்?"

இந்த விளக்கத்தில் லோதருக்கு மனம் நிறைந்துவிட்டது. வழியெல்லாம் அதை என்னிடம் திரும்பத் திரும்பச் சொன்னார். சட்டப்படி அந்த வாகனம் இப்போது வாகனம் அல்ல. 'வாகனமாவதற்குக் காத்திருக்கும் பொருள்' என்று பதிவேட்டில் மாற்றப்பட்டது.

அன்று மாலை ரோஸ்விதா விஷயத்தைக் கேட்டாள். மறுநாள் காலையில் நல்ல கோட்டைப் போட்டுக்கொண்டு தானே இரண்டாம் மாடி ஏறினாள். என்னையும் துணைக்குக் கூப்பிட்டாள்.

"ஹெர் நியூஸ்லே, எனக்குக் கண்ணு ரெண்டு வருஷம்தான்."

"மிகவும் வருந்துறேன், ஃப்ராவ் கீன்லே. ஆனா கண்ணு விஷயமெல்லாம் முதல் மாடி."

"சரி, கண்ணை விடுங்க. ஒரு பழைய காரை ஜனங்க ஏன் கொண்டாடுறாங்க?"

நியூஸ்லேக்கு இந்தக் கேள்வி பிடித்திருந்தது. பென்சிலைக் கீழே வைத்தார். "நினைவு! எங்கப்பா அந்தக் காருல என்னை ஏரிக்குக் கூட்டிட்டுப் போனாரு, எங்கம்மா அதுல வாந்தி எடுத்தாங்க, இப்படி. நினைவு இல்லாட்டி அது வெறும் தகரம்."

"கட்டை மேல நிக்கிற காரைப் பத்தி யாருக்கு என்ன நினைவு இருக்கும்?"

நியூஸ்லே விதிமுறைப் புத்தகத்தைத் திறந்தார். மூடினார். பிறகு, "இது விதிமுறையில விட்டுப்போன இடம்" என்று மெல்லச் சொன்னார்.

ஓர் அதிகாரியிடம் ஓட்டையைக் காட்டினால் அவர் அதைப் படிவத்தால்தான் அடைப்பார். இரண்டு வாரத்தில் பதினெட்டுக் கேள்விகள் கொண்ட நினைவுப் படிவம் வந்தது. வாகனத்தோடு தொடர்புடைய இனிய நினைவு ஒன்றை உரிமையாளர் எழுதி, மனைவியின் சான்றொப்பத்துடன் தர வேண்டும்.

லோதர் மூன்று நாள் உட்கார்ந்து எழுதினார். மலைப்பாதை, காற்று, திடீரென்று கீழே நீலமாய்க் கடல், ரோஸ்விதாவின் தலைத்துணி பறந்தது, அவள் கல்யாண நாளில் சிரித்த மாதிரிச் சிரித்தது எல்லாம் இருந்தது. ஓடு எண்ணிக்கையைத் தவிர வேறு எதையும் அவர் எழுதி நான் பார்த்ததில்லை.

ரோஸ்விதாவும் படித்தாள். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் படித்தாள்.

"நல்லா இருக்கு. ஆனா நடக்கலையே, கிழவா?"

"நடந்த மாதிரி வச்சுக்கோயேன்."

"நடக்காததுக்கு நான் கையெழுத்துப் போட மாட்டேன். நடந்தா போடறேன்."

பொய்ச் சான்று குற்றம். எனவே பயணம் நடந்தாக வேண்டும். நினைவில் கார் இருந்தாக வேண்டும். ஆனால் கார் ஓடக் கூடாது, அதில் யாரும் உட்காரவும் கூடாது. இந்த நான்கையும் ஒரு தாளில் எழுதிவைத்துக்கொண்டு நியூஸ்லே ஒரு வாரம் யோசித்தார். அரசு ஊழியர்கள் வேலை செய்வதில்லை என்பவர்கள் அந்த வாரம் அவர் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும்.

முடிவு வந்தது. பட்டறையில் ஓடு ஏற்றப் பயன்பட்ட லாரி ஒன்று கிடந்தது. காரை அதன் முதுகில் ஏற்றி, தார்ப்பாயால் மூடி, கயிற்றால் கட்டி, லாரியை லோதர் ஓட்ட வேண்டும். மனைவி உடன் செல்ல வேண்டும். சம்பந்தமில்லாத சாட்சி ஒருவரும் வேண்டும்.

"உங்களுக்கு இந்தக் கார் மேல ஆசை உண்டா?" என்று நியூஸ்லே என்னைக் கேட்டார்.

"இல்லைங்க."

"நல்லது. இங்க கையெழுத்துப் போடுங்க."

ஜூன் மாதத்தில் ஒரு காலை புறப்பட்டோம். ரோஸ்விதாவுக்கு ஜன்னல் இருக்கை. நடுவில் நான். கியர் மாற்றும்போதெல்லாம் லோதர் என் முட்டியில் இடித்தார். லாரிக்குள் பழைய தார் வாசனை. ரோஸ்விதா உருளைக்கிழங்கு சாலடும் ப்ரெட்சல் ரொட்டியும் கொண்டுவந்திருந்தாள். மலை ஏறும்போது லாரி மாட்டைப் போல முக்கியது. பின்னால் வந்த கார்கள் எல்லாம் ஹாரன் அடித்தன. அவள் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி, "நாங்க நாப்பது வருஷம் லேட்டு, நீங்க பத்து நிமிஷம் பொறுக்க மாட்டீங்களா?" என்று கத்தினாள். தலைத்துணி பறந்துபோனது. அவள் அதற்காக வண்டியை நிறுத்தச் சொல்லவில்லை.

ட்ரியெஸ்டேக்கு மேலே உள்ள குன்றில் லாரி திரும்பியதும் கீழே கடல் தெரிந்தது. லோதர் நிறுத்தினார். காரோடும் கடலோடும் ஒரு புகைப்படம் எடுக்க வேண்டும் என்பது விதி. வெயில் பட்டால் பெயிண்ட் மங்கும் என்பதால் தார்ப்பாயைத் திறந்துவைக்க மூன்று நிமிடம்தான் அனுமதி. லோதர் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"லோதர், இங்க வந்து பாரு."

"இன்னும் ரெண்டு நிமிஷம் இருக்கு."

"கப்பல் ஒண்ணு போகுது பாரு. அதுல ஒருத்தன் சட்டை காயப் போட்டிருக்கான். எனக்குத் தெரியுது, லோதர்!"

"ஒண்ணேகால் நிமிஷம்."

நான் சம்பந்தமில்லாத சாட்சி. ஆகவே கடலைப் பார்த்தேன்.

ஊர் திரும்பியதும் ரோஸ்விதா படிவத்தைத் தானே நிரப்பினாள். ஒன்றுவிடாமல் உண்மையை எழுதினாள். பதினான்காவது கேள்வி: 'மேற்படி நினைவு எந்த வாகனத்தில் நிகழ்ந்தது?' லாரியில், என்று எழுதினாள்.

நியூஸ்லே அந்த வரியில் பென்சிலை நிறுத்தினார்.

"அப்படின்னா நினைவு லாரிக்குச் சொந்தம். லாரிக்கு என்ன வயசு?"

"முப்பத்தொண்ணு" என்றார் லோதர்.

"எஞ்சின் மாத்தினீங்களா?"

"அதுக்கெல்லாம் யாருக்கு நேரம்?"

நியூஸ்லே எழுந்து நின்றார். கண் கலங்கியிருந்தது. "முப்பத்தொண்ணு வயசு. அசல் உறுப்பு. சாட்சியோட நினைவு. ஹெர் கீன்லே, இந்தப் பிரிவோட முதல் பழம்பெரும் வாகனம் உங்க லாரிதான்! இனி அதை ஓட்டாதீங்க. உள்ள கிடக்குற ப்ரெட்சல் துணுக்கைக் கூட்டிடாதீங்க, அதுவும் ஆதாரம்."

"என்னோட கார்?"

"நிராகரிக்கப்படுது. இந்த வாகனத்துக்கு நினைவு எதுவும் இல்லை." மறுப்பு ஆணையில் முத்திரை விழுந்தது.

லோதர் நாற்காலியில் சரிந்து உட்கார்ந்தார். ரோஸ்விதா ஆணையை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் படித்தாள்.

"அப்ப இது இனிமே என்ன, ஹெர் நியூஸ்லே?"

"வெறும் கார்தான், ஃப்ராவ் கீன்லே."

"உட்காரலாமா?"

"யாரு வேணா உட்காரலாம்."

"சாவியை எடு, லோதர்."

அவர் எடுக்கவில்லை. அவளே அவர் சட்டைப் பையிலிருந்து எடுத்துக்கொண்டாள். அடுத்த வாரம் புதிய மென்பொருள் ஏறியது. டயரில் பெட்ரோல் நிலையத்துக் காற்று ஏறியது. சனிக்கிழமை காலை பாலிதீன் உறை குப்பைத் தொட்டிக்குப் போனது. அதைப் பிரிக்கும்போது லோதர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஆனால் மேல்மூடி திறந்து கார் கடைவீதியைத் தாண்டியபோது ஓட்டியவர் அவர்தான். பக்கத்தில் அவள். உட்ஸ் வாசலில் துடைப்பத்தோடு நின்று பார்த்தார். அவருடைய கொட்டகையிலும் கட்டைகள் மேல் ஒன்று இருந்தது. எதிர்வீட்டுப் பல் மருத்துவரிடம் இரண்டு. இந்த ஊரில் அப்படி நூற்றுக்கும் மேல் இருந்தது அன்றுதான் வெளியே தெரிந்தது.

திங்கட்கிழமை காலை மாவட்ட அலுவலகப் படிக்கட்டில் நிற்க இடமில்லை. எல்லோரும் மறுப்பு ஆணை கேட்டு வந்திருந்தார்கள். கார் அவரவருடையது, சாவி அவரவர் பையில். ஆனால் முத்திரை விழுந்த மறுப்பு இல்லாமல் எப்படி ஓட்டுவது? நியூஸ்லே யாரையும் கடிந்துகொள்ளவில்லை. மறுப்புக்கென்று தனிப் படிவம் வரைந்துவருகிறார். தற்போது காத்திருப்புக் காலம் மூன்று வருடம்.

நானும் மனு கொடுத்திருக்கிறேன். என்னிடம் இருப்பது கார் அல்ல, தட்டு, கோப்பை, கரண்டி எல்லாம் அடங்கிய ஒரு சுற்றுலாக் கூடை. வாங்கி இருபத்தொன்பது வருடமாகிறது, நாடா பிரிக்கவில்லை. இருவருக்கானது. ஒருவர் மட்டும் பயன்படுத்த அனுமதி கேட்டிருக்கிறேன். என் வரிசை எண் நூற்று நாற்பத்தொன்று.